சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: ரேஸ் டிராக் பற்றி கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இரண்டு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். சுவரில் பந்தயம் முடியும்போது ஆட்டும் கட்டம் போட்ட பழைய கொடி ஒன்றும், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் கொடி காட்டும் மார்ஷலாக நின்ற நாட்களில் போட்ட ஆரஞ்சு உடுப்பும் தொங்கும். ஆயில் மாற்ற வரும் பையன்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்கள். பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பாதி பதில் சொல்வதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் இங்கே உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நம் பக்கத்து ரேஸ் முதலில் எங்கே தொடங்கியது?

சோழவரத்தில். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி என்றுதான் இன்று பலருக்கும் அந்தப் பெயர் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே போர் விமானங்களுக்காக ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அந்த நீளமான தளம் வெயிலில் சும்மா கிடந்தது. வண்டிப் பைத்தியம் பிடித்த சிலர் கண்ணில் அது பட்டது.

1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அங்கே ரேஸ் நடத்தியது. அந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். ஐம்பதுகளில் தொடங்கி எண்பதுகளின் கடைசி வரைக்கும் தென்னிந்தியாவில் ரேஸ் என்று சொன்னால் அது சோழவரம்தான்.

விமானத் தளத்தில் ரேஸ் விடுவது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்த விஷயம். கல்கத்தா பக்கம் பாரக்பூரிலும் இப்படித்தான் நடந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1943-ல் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட தளம்; 1948-லேயே அங்கே கிராண்ட் பிரி பந்தயம் ஓடிவிட்டது. சில்வர்ஸ்டோன் இன்றும் ஃபார்முலா ஒன் நடக்கும் இடமாக நிற்கிறது. சோழவரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நீங்கள் சோழவரம் ரேஸைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு முறை. எண்பதுகளின் நடுவில், பொங்கல் கழிந்த சமயம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

என் பெரியப்பா லாரி டிரைவர். நம் பக்கத்துக் கிரானைட் கல்லை மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஏற்றிப் போவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கேபினில் ஏறிக்கொள்வேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பூந்தமல்லி என்று ராத்திரி முழுக்கப் போனால் விடியும்போது மெட்ராஸ். அந்த முறை துறைமுகத்தில் வரிசை நீண்டு, ஞாயிற்றுக்கிழமை கல் இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். கிளீனரை வண்டியில் விட்டுவிட்டு, "வாடா, ஒண்ணு காட்டறேன்" என்று பெரியப்பா என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றினார்.

உண்மையைச் சொன்னால் நான் பார்த்தது கொஞ்சம்தான். எனக்கு முன்னால் அத்தனை கூட்டம். பெரியப்பா தோளில் தூக்கி வைத்தபோது கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஹெல்மெட்டுகள் மட்டும் வரிசையாகப் போவது தெரிந்தது. கீழே இறங்கியதும் காதுதான் கண். தூரத்தில் தேனீக் கூட்டம் மாதிரி எழும் சத்தம் கிட்டே வர வரக் கூர்மையாகி, நேர் எதிரே வந்ததும் நெஞ்சில் இடித்துவிட்டு, சட்டென்று தாழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே எந்த வண்டி கியர் இறக்குகிறது, எது பிரேக் பிடிக்கப் பயப்படுகிறது என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்த வாசனை. டூ-ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிகளில் அப்போது விளக்கெண்ணெய் சேர்ந்த ஆயில் ஊற்றுவார்கள். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் அதற்கு உண்டு. எரியும்போது லேசான தித்திப்போடு ஒரு புகை வரும். "இது என்னன்னு தெரியுதா? நம்ம காட்டு ஆமணக்குதான்" என்றார் பெரியப்பா. மானாவாரிக் காட்டு ஓரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிற செடிக்கு இங்கே என்ன வேலை என்று ஊர் வந்து சேரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். பட்டறைத் தொழிலுக்கு நான் வந்தது அந்த ஒரு நாளால்தான்.

சோழவரத்தில் எந்தெந்த வண்டிகள் ஓடின?

ரோட்டில் ஓடிய எல்லாமே ஓடின. ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி கார்களைப் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினைத் தீட்டிக் கொண்டுவருவார்கள். பைக்கில் ஜாவா, எஸ்டி, என்ஃபீல்டு. என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில், சோழவரத்திலிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில் இருந்தது. எண்பதுகளில் ஜப்பான்காரர்களோடு கூட்டு வைத்து வண்டிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 1984-ல் இந்த்-சுசுகி, 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100. லேசான வண்டி, சீறும் இன்ஜின். பழைய கனமான வண்டிகள் பின்னுக்குப் போயின.

பணம் உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து நிஜமான ரேஸ் கார்களையே இறக்கினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டினார். கோண்டல் மகாராஜாவும் அங்கே பெரிய பெயர். ஆனால் எனக்கு மதிப்பு அதிகம் இன்னொரு கூட்டத்தின் மேல். வீட்டுக் கொட்டகையில் கிடைத்த இரும்புக் குழாயை வெல்டு வைத்து, கிடைத்த இன்ஜினை உள்ளே உட்காரவைத்து, சொந்தக் கையால் கார் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். இந்திய ரேஸ் பிழைத்து நின்றது அந்தக் கைகளால்.

அந்தக் கைகளில் முக்கியமானவர் யார்?

கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மில் குடும்பத்தில் பிறந்தவர். தானும் ஓட்டுவார், தானே காரும் செய்வார். எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. அதுவரை ஒற்றை இருக்கை கார் ஓட்ட வேண்டும் என்றால் ஒன்று ராஜா வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாடு போக வேண்டும். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜின், எந்தக் கடையிலும் கிடைக்கும் பார்ட்ஸ் என்று அவர் மாற்றியதும் சாதாரண வீட்டுப் பையன்களுக்கும் கதவு திறந்தது.

1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. தருமபுரிக்காரர்கள் சேலம் வழியாக அங்கே போவது சுலபம்.

சோழவரத்தை ஏன் விட்டார்கள்?

இரவல் இடம். ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமில்லை. விமானம் நேராக ஓடுவதற்குப் போட்ட தளம் என்பதால் நீளமான நேர்ப்பாதை, அதன் முடிவில் திடீர்த் திருப்பம். இன்ஜின் பலம் இருப்பவன் நேர்ப்பாதையில் ஜெயிப்பான், பிரேக் பலம் இல்லாதவன் முனையில் மாட்டுவான். வண்டிகளின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. கூட்டமும் கிட்டத்தில் நின்றது. அதற்குமேல் அங்கே ஓட்டுவது சரியில்லை.

கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் கட்டி 1990-ல் திறந்தது. இந்தியாவின் முதல் நிரந்தர ரேஸ் டிராக் அது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த இடம் இல்லை, ஒரு கிளப்பின் உறுப்பினர்கள் கூடிக் கட்டியது. இதை நான் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் எப்படி இருக்கும்?

முழுச் சுற்று 3.7 கிலோமீட்டரும் கொஞ்சமும், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஹூண்டாய் தொழிற்சாலை அங்கே ஓடத் தொடங்கியது 1998-ல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே டிராக் இருந்தது. இன்றைக்குச் சுற்றிலும் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளுமாக இருப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டிப் போகும் சென்னை ரோடு இருக்கிறதே, அதே ரோடுதான் டிராக்கை ஒட்டியும் போகிறது. இங்கே ஏறினால் சுமார் 220 கிலோமீட்டரில் அங்கே இறங்கலாம்.

மார்ஷல் வேலை என்றால் என்ன?

திருப்பத்தின் வெளிப்பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் காலை முதல் சாயங்காலம் வரைக்கும் நிற்பது. கையில் கொடிகள், பக்கத்தில் தீயணைப்பான், ஒரு துடைப்பம், எண்ணெய் கொட்டினால் தூவ சிமென்ட். ஓட்டுகிறவனுக்கு அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவனுக்கு நாம்தான் கண்.

மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து, யாரும் யாரையும் முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்குகிறது. நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது என்று சொல்வது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உன் வண்டியில் கோளாறு, பிட் என்கிற பழுதுபார்க்கும் இடத்துக்குப் போ. சிவப்பு என்றால் பந்தயமே நின்றது. மதியம் இரண்டு மணிக்குத் தார் அனல் ஷூ வழியாக ஏறும். அப்படியும் கண்ணை எடுக்க முடியாது. ஒரு வண்டி விழும்போது முதலில் இரும்பு தரையில் உரசும் சத்தம் வரும், அப்புறம் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் விழுந்தவன் கை அசைகிறதா என்று பார்க்கும் அரை விநாடி இருக்கிறதே, அதற்கு நான் இன்றும் பழகவில்லை.

நம் ஓசூருக்கும் ரேஸுக்கும் என்ன தொடர்பு?

கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம்.

1980-ல் டி.வி.எஸ். 50 ஓசூர் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகும் முதல் இந்திய மொபெட். பால் கேன், தேங்காய் மூட்டை, புல்லுக்கட்டு என்று நம் கிராமங்களில் அது சுமக்காத பாரம் இல்லை. அடுத்த இரண்டே ஆண்டில், 1982-ல், அதே நிறுவனம் ரேஸ் அணி தொடங்கியது. மொபெட் செய்கிற கம்பெனிக்கு ரேஸ் எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். சுசுகியோடு கூட்டு, அப்புறம் ஷோகன், ஃபியரோ, அப்பாச்சி என்று வந்த வரிசையைப் பார்த்தால் பதில் தெரியும். அப்பாச்சி ஆர்.டி.ஆர். என்கிறோமே, அந்த மூன்று எழுத்துக்கு ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ் என்று விரிவு. த்ராட்டிலைத் திருகினால் ரேஸ் வண்டி மாதிரி இன்ஜின் உடனே கேட்க வேண்டும் என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310 பைக் வந்தது.

ஓசூர் ஆலைக்குள் வண்டிகளைச் சோதிக்க ஒரு டிராக் இருக்கிறது. அது தொழிற்சாலைச் சொத்து. நாமெல்லாம் போய் ஓட்ட முடியாது. ஆனால் இன்று இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பல, சூளகிரியும் கிருஷ்ணகிரியும் தாண்டி நம் ரோடு வழியாகப் போனவை.

இப்போது பேட்டரி வண்டியும் சேர்ந்துவிட்டது. ஏத்தர் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில். 2023-ல் மின்சாரப் பைக்குகளுக்கென்றே ஒரு ரேஸ் வரிசையையும் டி.வி.எஸ். தொடங்கியது. சத்தமே இல்லாத ரேஸா என்று முதலில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. கிட்டே நின்று கேட்டால் டயர் தரையைக் கவ்வும் ஒலி, சங்கிலியின் கரகரப்பு, ஓட்டுபவன் முழங்கால் தார் மேல் உரசுவது எல்லாம் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

ஒன்-மேக் ரேஸ் என்கிறார்களே, அது என்ன?

எல்லோருக்கும் ஒரே வண்டி. ஒரே இன்ஜின், ஒரே டயர். அதனால் வண்டியைச் சாக்குச் சொல்ல முடியாது. வண்டியை நிறுவனமே தரும். தேர்வு நாளில் சுற்று நேரத்தைப் பார்த்து ஆள் எடுப்பார்கள். பணம் இல்லாத, திறமை இருக்கிற பையனுக்கு உள்ளே நுழைய இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் முடிவு.

சுற்று நேரம், குவாலிஃபையிங் எல்லாம் புரியவில்லையே?

எருது விடும் விழா பார்த்திருக்கிறீர்கள்தானே? காளையை அவிழ்த்து விடுவார்கள், குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று கருவி காட்டும். எது முதலில் ஓடியது, எது கடைசியில் ஓடியது என்பது முக்கியமில்லை. குறைந்த விநாடிதான் கணக்கு. குவாலிஃபையிங்கும் அதேதான். ஒவ்வொருவரும் ஒரு சுற்றை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று அளந்து, அந்த வரிசையில் பந்தயத்தில் நிறுத்துவார்கள். விநாடியில் நூறில் ஒரு பங்குக்காக நம் ஊர்ப் பெரியவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரேஸ் ஒன்றும் புதிதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஃபார்முலா ஒன் வரை போனவர்கள்?

நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். இந்தியாவிலிருந்தே அந்த இரண்டு பேர்தான் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியவர்கள், இருவருமே நம் மாநிலம்.

நரேன் கோயம்புத்தூர்க்காரர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலியில் பெரிய பெயர். நரேனின் முதல் பந்தயமே ஸ்ரீபெரும்புதூரில்தான், ஃபார்முலா மாருதி காரில். அதாவது கரிவரதன் கட்டிய காரில், கிளப் கட்டிய டிராக்கில். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவராக மேடை ஏறினார். 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகி ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயம் அது என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். அந்த ஆறில் ஒன்றாக நிற்க எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை நான் பார்க்கிறேன்.

கருண் சந்தோக் 2010-ல் ஃபார்முலா ஒன் போனார். சோழவரத்தில் ரேஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் அவர்.

அஜித் இங்கே ஓட்டியிருக்கிறாரா?

இந்தக் கேள்வி இல்லாமல் பட்டறையில் ஒரு நாள் போகாது. ஆமாம், அவர் கார் ரேஸுக்கு வந்ததும் ஃபார்முலா மாருதி வழியாகத்தான். 2003-ல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியா, 2010-ல் ஐரோப்பாவில் ஃபார்முலா டூ. 2025 ஜனவரியில் அவருடைய சொந்த அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. ஐம்பது வயதைத் தாண்டியும் பயிற்சியை விடாத மனிதர்.

பெண்கள் ஓட்டுகிறார்களா?

நன்றாக ஓட்டுகிறார்கள். பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல், தார் இல்லாத கரட்டு நிலத்தில் பைக் ஓட்டும் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றார், அவர் டி.வி.எஸ். அணி. நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளும் கேட்டு வருகிறார்கள். அப்பாக்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு டிராக் ஏன் இல்லை?

வண்டி செய்கிற மாவட்டத்தில் ஓட்ட இடம் இல்லை என்பது எனக்கும் ஆற்றாமைதான். தேசியப் போட்டி நடக்கிற மாதிரி தார்ப் பாதை கிருஷ்ணகிரியிலும் இல்லை, தருமபுரியிலும் இல்லை. ஒரு முழு டிராக் என்றால் நிலம் மட்டும் போதாது. தடுப்பு, வண்டி விலகி ஓடினால் நிற்க வெறும் வெளி, மருத்துவ அறை, ஆம்புலன்ஸ், ஆண்டு முழுக்கப் பராமரிப்பு எல்லாம் வேண்டும். ஆனால் 3.7 கிலோமீட்டர்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோ-கார்ட்டும் சின்ன பைக்கும் ஓட்டிப் பழக ஒரு கிலோமீட்டர் பாதை போதும். ஓசூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் எங்கேயாவது அது அமைய வேண்டும். சோழவரத்தில் தொடங்கியவர்களிடம் இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

2024-ல் சென்னைத் தெருவில் ரேஸ் நடந்ததே?

ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், இரவில், விளக்கு வெளிச்சத்தில். முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. ஃபார்முலா 4 கார்களைச் சிவானந்தா சாலையில் பார்த்தவர்கள் பலர் அதுவரை இருங்காட்டுக்கோட்டையைக் கேள்விப்படாதவர்கள். அந்த ஆர்வம் டிராக்குக்கும் வந்தால் நல்லது.

நான் ரேஸ் ஓட்ட வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் பயிற்சிப் பள்ளி. டிராக்கிலேயே அவ்வப்போது நடக்கும். எப்படி உட்காருவது, எங்கே பிரேக் பிடிப்பது, திருப்பத்துக்குள் கண் எங்கே பார்க்க வேண்டும் என்று அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள். அப்புறம் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம். நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு அது. அதன் உரிமம் இல்லாமல் போட்டியில் நிற்க முடியாது. மருத்துவச் சான்று கேட்பார்கள். 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து. பைக்கில் புதியவர்களுக்கு நோவிஸ் என்று தனிப் பிரிவு உண்டு.

வண்டியைத் தயார் செய்வதில்தான் நம் பையன்கள் தடுமாறுகிறார்கள். சொந்த அனுபவம் சொல்கிறேன். என் பட்டறைப் பையன் ஒருவனை முதல் ரேஸுக்குக் கூட்டிப் போனோம். கண்ணாடி, ஹெட்லைட், இண்டிகேட்டர், ஸ்டாண்டு எல்லாம் கழற்றியாகிவிட்டது. இன்ஜின் அருமையாக இருந்தது. ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கும் பரிசோதகர் குனிந்து டார்ச் அடித்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து, "கம்பி எங்கே?" என்றார்.

ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட்டு, அதில் எஃகுக் கம்பியைக் கோத்து, முறுக்கி, போல்ட் இறுகும் திசையில் இழுத்து பக்கத்து உலோகத்தில் கட்ட வேண்டும். அதிர்வில் போல்ட் தளர்ந்தாலும் கழன்று விழாது. ஒரு போல்ட் விழுந்தால் ஒரு லிட்டர் ஆயில் திருப்பத்தில் கொட்டும், பின்னால் வரும் பத்துப் பேரும் அதன் மேல்தான் ஏறுவார்கள். நாங்கள் அந்தக் கம்பியைக் கட்டவில்லை. பையன் அன்று ஓட்டவில்லை. திரும்பி வரும்போது ஆம்பூரில் சாப்பிட நிறுத்தினோம், அவன் இலையில் கை வைக்கவில்லை. தவறு என்னுடையது. அடுத்த வாரமே கடைசல் பட்டறையில் போல்ட்டுக்குத் துளை போட்டு வாங்கி, கம்பி முறுக்கக் கற்றுக்கொண்டோம். ஒரு அங்குலத்துக்கு ஏழெட்டு முறுக்கு ஒரே சீராக விழுந்தால் பார்க்கவே அழகாக இருக்கும். இப்போது அவன் கட்டும் கம்பியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கட்டுகிறார்கள்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. மறைத்துச் சொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் 59 வயது அனுபவசாலி ஒருவர் கார் பந்தயத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் பைக்கிலிருந்து விழுந்து இறந்தான். அந்தச் செய்தி வந்த நாள் பட்டறையைத் திறக்க மனமில்லாமல் இருந்தேன். எவ்வளவு சிறிய வயதில் எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்ற கேள்வியை ரேஸில் இருக்கும் நாங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. பிள்ளை கேட்கிறான் என்பதற்காக அவசரப்படாதீர்கள் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன்.

ஹைவேயிலேயே ஓட்டிப் பழகினால் போதாதா?

போதாது. தயவுசெய்து வேண்டாம்.

டிராக்கில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும். விழுந்தால் உருண்டு நிற்க வெளி இருக்கிறது, அரை நிமிடத்தில் ஆள் வரும், டாக்டர் உள்ளேயே இருக்கிறார். நம் ரோட்டில் டெயில் லைட் இல்லாமல் ஓரம் கட்டிய லாரி, டிவைடர் இடைவெளியில் திடீரென்று திரும்பும் டிராக்டர், எதிர்த் திசையில் வரும் வண்டி, நாய். தொப்பூர் கணவாயில் பிரேக் போய் இறங்கும் லாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 33 மீட்டர் போகிறீர்கள். நீங்கள் கண் சிமிட்டித் திறப்பதற்குள் ஒரு லாரியின் நீளம் கடந்துவிடும்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டியைப் பட்டறைக்கு மினி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அதை ஓட்டிய பையன் பைபாஸில் ராத்திரி நண்பர்களோடு போட்டி போட்டிருக்கிறான். முன் ஃபோர்க் வளைந்து இன்ஜினில் முட்டிக்கொண்டிருந்தது. டேங்கில் கட்டம் போட்ட கொடி ஸ்டிக்கர் ஒன்று, ஓரம் கொஞ்சமும் கிளம்பாமல் அழகாக ஒட்டியிருந்தான். அவனுடைய அப்பா வண்டியைச் சரி செய்யவும் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. ஒரு வருடம் பின்கட்டில் நின்றது. அந்தப் பையன் என்னிடம் ஆயில் மாற்ற வந்தவன்தான். சுவரில் இருக்கும் கொடியைப் பார்த்துக் கேள்வி கேட்டவன். அன்றைக்கு நான் பாதி பதில்தான் சொன்னேன்.

போய்ப் பார்க்க என்ன வழி?

பைக் பந்தயங்களும் கார் பந்தயங்களும் பெரும்பாலும் வார இறுதியில் வரும். தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிருஷ்ணகிரியில் ராத்திரி சென்னை பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, பூந்தமல்லி பக்கம் போகும் டவுன் பஸ் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை. தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பஞ்சு கட்டாயம். காலைப் பயிற்சிச் சுற்றிலிருந்தே இருங்கள், அப்போதுதான் எந்த எண் வண்டி எந்த இடத்தில் நேரம் எடுக்கிறது என்று பிடிபடும். எல்லோரும் முடிவுக் கோட்டைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். முடிந்தால் நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும் திருப்பம் தெரிகிற பக்கம் இடம் பிடியுங்கள். ஐந்தாறு வண்டிகள் ஒன்றாக வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, எவன் கடைசியாக பிரேக்கைத் தொடுகிறான் என்று தெரியும் இடம் அது. ஒரு சுற்று கண்ணை மூடிக்கொண்டும் கேளுங்கள்.